ஓடை வழியே ஒரு தாய்மாமன்

செம்மலை இடுக்குக்குள் பேச்சி ஓடை ஓடுகிறது. ஓடையை ஒட்டினாற்போல ஒரு நடைவழி. அந்தச் சீமையில் அதைவிடச் சுலபமான வழி வேறு கிடையாது. இடுக்குக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் சிவந்த மணல். உடைமரத்தைத் தவிர ஒன்றும் முளைக்காது. உள்ளே நுழைந்துவிட்டால் இரண்டு பக்கமும் செம்பாறைச் சுவர், நடுவில் நிழல், நாணல், கணுக்கால் நனையும் தண்ணீர். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு, பொரிகடலை கொறித்தபடி நடந்தால்கூட மேலே இருக்கிற சுனைக்குப் போய்விடலாம். ஏறுகிறோம் என்பதே தெரியாது.

இந்த வழியில் ஒரே ஒரு மனிதரை நடத்திக் கூட்டிக்கொண்டுபோகச் செங்கமலத்தம்மை பட்ட பாடு இருக்கிறதே, அது சொல்லி மாளாது.

அம்மை, இடுக்கின் வாயில் இருந்த மடத்தின் குரு. பருத்த உடம்பு, வெடுக்கென்ற பேச்சு. அந்த மனிதர் அவருடைய சீடர் தாண்டவராயர். வயதில் அம்மையைவிட மூத்தவர். மடத்தில் சேர்ந்த நாளிலிருந்து தவம், தவம் என்று உடம்பைப் போட்டு வாட்டி எடுத்துக்கொண்டிருந்தார். உடைமுள்ளைப் பரப்பி அதன்மேல் படுப்பார். சித்திரை வெயிலில் பாறைமேல் ஒற்றைக்காலில் நிற்பார். பேசினால் ஏட்டில் எழுதியதைப்போலப் பேசுவார். இதில் ஒன்றையும் அம்மை செய்யச் சொன்னதில்லை. வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்து விட்டுவிட்டார்.

ஒரே ஒரு கேள்வியைத் தாண்டவராயர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பற்றை விடுவது எப்படி, அம்மா?"

"முதல்ல முள்ளை விடும். பிறகு பாப்போம்" என்பார் அம்மை.

அவர் முள்ளை விடுவதாக இல்லை.

அன்று காலை ஆட்டுக்காரி மாடத்தி மடத்து வாசலில் வந்து நின்று, தாண்டவராயரைக் காட்டிச் சொன்னாள்.

"சுனை மண்டபத்துல ஆள் வந்திருக்கு. இவங்க தங்கச்சி வடிவுதான். பிள்ளையையும் காது குத்துத ஆசாரியையும் கூட்டிக்கிட்டு, அந்தப் பக்கத்து வண்டிப்பாதை வழியா வந்து உக்காந்திருக்கு. உச்சி வெயிலுக்கு முன்ன வண்டி திரும்பிருமாம்."

தாண்டவராயரின் முகம் சுண்டிப்போனதை அம்மை பார்த்தார்.

வடிவுக்கு இவர் ஒரே அண்ணன். அவள் மகள் பூரணத்துக்கு இவர் ஒருவர்தான் தாய்மாமன். மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே பிள்ளைக்குக் காது குத்த வேண்டும்? ஒற்றைப்படை வயதில் குத்த வேண்டும். பிள்ளைக்கு ஒரு வயது ஆனபோது வடிவு வந்தாள். அண்ணன் மௌன விரதத்தில் இருப்பதாகச் சொல்லி மடத்தில் இருந்தவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் வயதில் வந்தாள். ஒற்றைக்காலில் நிற்கிறார், காலை இறக்கினால் விரதம் கெட்டுவிடும் என்றார்கள். இப்போது பிள்ளைக்கு ஐந்து.

அந்த இரண்டு முறையும் அம்மை ஊரில் இல்லை. இருந்திருந்தால் நடந்திருக்காது. ஏனென்றால் மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சீடனைத் தேடிவரும் சொந்தக்காரர்கள் மடத்துக்குள் வருவதில்லை. சுனையருகே கல்மண்டபத்தில் உட்கார்ந்து சொல்லியனுப்புவார்கள். சீடன் தானே அங்கே போய், முடியும் என்றாலும் முடியாது என்றாலும் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அடுத்தவர் வாயால் சொல்லியனுப்பக் கூடாது.

"கிளம்பும்" என்றார் அம்மை.

"உத்தரவு, அம்மா. நான் முகட்டின்மேல் ஏறிச் செல்கிறேன்."

"முகட்டுமேலயா? எதுக்கு?"

"ஓடை வழி சுகமான வழி. சுகத்தைத் துறந்தவனுக்கு அது தகாது."

"முகட்டுல ஏறி இறங்கினா பொழுது சாஞ்சுதான் சுனைக்குப் போவீரு."

"அது இந்த உடலின் கவலை அம்மா, எனக்கில்லை."

"உமக்கு இல்ல. அங்க ஆசாரிக்கு வண்டி கவலை இருக்கு." அம்மை செருப்பை மாட்டிக்கொண்டார். "நானும் வாரேன். நடயும்."

இடுக்குக்குள் நுழைந்ததும் அம்மை செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்தார். தாண்டவராயர் எதிர்ப்பக்கம் போனார். காலை வெயில் விழுந்து சுடத் தொடங்கியிருந்த பாறை விளிம்பில், வெறுங்காலோடு ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்தார்.

"ஓய், நிழல்ல நடந்தா என்ன?"

"நிழலும் ஒரு பற்று, அம்மா."

"அப்ப வெயிலு?"

தாண்டவராயர் யோசித்தார். யோசிப்பதற்காக நின்றார். அம்மைக்கு அப்போதுதான் உறைத்தது: நிற்பதற்கு ஒரு சாக்கு கொடுத்துவிட்டோமே!

"யோசிக்காதேயும். நடயும்."

வழி ஓடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாறி மாறிப் போகும். கடக்கிற இடங்களில் தாண்டுகற்கள் போட்டிருப்பார்கள். ஆடுகள்கூடத் துள்ளிக்கொண்டு போகும் கற்கள். தாண்டவராயர் முதல் கல்லருகே நின்று கண்ணை மூடிக் கைகூப்பினார்.

"இப்ப என்ன?"

"ஓடும் நீரைக் கடக்குமுன் அதனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அம்மா."

மன்னிப்பு நீளமாக இருந்தது. முடித்துவிட்டு ஒரு கல்லைத் தாண்டினார். அடுத்த கல்லுக்கு முன்னால் மறுபடியும் கைகூப்பினார். ஒரு கல்லுக்கு ஒரு மன்னிப்பு. அம்மை அக்கரையில் ஒரு பாறையில் உட்கார்ந்து, மடியில் முடிந்திருந்த பொரிகடலையை ஒவ்வொன்றாகத் தின்றார். கடலை தீர்ந்தது. மன்னிப்புத் தீரவில்லை.

"ஓய்! மொத்த ஓடைக்கும் சேத்து ஒரே தடவையா கேட்டுட்டு வரக் கூடாதா?"

"அது அலட்சியமாகிவிடும், அம்மா."

அம்மை பல்லைக் கடித்துக்கொண்டார். குருவாக இருப்பவர் கோபப்படக் கூடாது என்று யாரோ எப்போதோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தாண்டவராயரைப்போல ஒரு சீடர் வாய்த்திருக்க மாட்டார்.

பாறைச் சுவர்கள் நெருங்கி வந்தன. சிவப்பின்மேல் கறுப்பும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓடின. மேலே ஒரு துண்டு வானம் தெரிந்தது. வேறொரு நாளாக இருந்தால் அம்மை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்திருப்பார். இன்று சீடரின் காலைப் பார்த்துப் பார்த்தே கழுத்து வலித்தது. அந்தக் கால் இப்போது நொண்டவும் ஆரம்பித்தது.

"என்ன ஆச்சு?"

"ஒன்றுமில்லை. முள்."

"எடுத்துப் போட்டுட்டு வாரும்."

"இருக்கட்டும், அம்மா. வலியைக் கவனித்தபடியே நடக்கிறேன்."

"நீரு கவனிச்சு முடிக்கதுக்குள்ள அந்தப் பிள்ளை பாட்டி ஆயிரும். உக்காரும்!"

தாண்டவராயரைப் பிடித்து உட்கார வைத்து, அவர் பாதத்தை இழுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டார் அம்மை. தாண்டவராயர் பதறிப்போனார்.

"அம்மா! குருவின் மடியில் சீடனின் கால்!"

"உம்ம காலை வச்சு நான் என்ன பூசையா பண்ணப் போறேன்? முள்ளு வந்தாச் சரி. ஆட்டாதேயும்."

இன்னொரு முள்ளை ஒடித்து, அதைக் கொண்டு இந்த முள்ளைத் தோண்டி எடுத்தார். தாண்டவராயர் முனகக்கூட இல்லை. முள்ளில் அவ்வளவு பழக்கம்.

அப்போது மேலேயிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு மாடத்தி வந்தாள். அவர்கள் புறப்பட்ட பிறகு புறப்பட்டு, எப்போதோ அவர்களைத் தாண்டிப் போய், ஆடுகளுக்குச் சுனையில் தண்ணீரும் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் இங்கதான் இருக்கீயளா?" என்று வாயில் கைவைத்தாள். "அந்தப் பிள்ளை மாமா எங்க, மாமா எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கு. ஆசாரி ரெண்டு தடவை வெயிலைப் பாத்துட்டாரு."

"கேட்டீரா?" என்றார் அம்மை.

"கேட்டேன், அம்மா. காலம் என்பதே ஒரு மாயை என்று…"

"எழுந்திரும்!"

இதற்கப்புறம் அம்மை அவரை முன்னால் விட்டுப் பின்னால் நடந்தார். ஆடு ஓட்டுவதைப்போலத்தான். நின்றால் முதுகில் செருப்பு நுனியால் ஒரு தட்டு. இப்படியாக ஒருவழியாகக் கடைசி வளைவுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த வளைவைத் திரும்பி, ஓடையை ஒரே ஒரு தடவை கடந்தால் சுனை. பேச்சுக் குரல்கூடக் கேட்டது.

தாண்டவராயர் அங்கே, வளைவுக்கு இந்தப் பக்கம், பாறையில் முதுகைச் சாய்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"அம்மா, நான் நிஷ்டையில் இருக்கிறேன் என்று வடிவிடம் சொல்லிவிடுங்கள்."

"நானா?"

"தாங்கள் சொன்னால் நம்புவாள்."

அம்மை செருப்பைத் தரையில் போட்டு மாட்டிக்கொண்டு, விறுவிறுவென்று வளைவைத் திரும்பிப் போனார்.

மண்டபத்துப் படியில் வடிவு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தாம்பாளத்தில் தேங்காய், பழம், வெற்றிலை, வெல்லம் போட்டுக் கலந்த காப்பரிசி. பூரணம் புதுப் பாவாடை கட்டி, தூக்கம் கண்ணைச் சுழற்ற, அம்மா தோளில் சாய்ந்திருந்தாள். விடியுமுன் கிளம்பிய பிள்ளை. ஆசாரி தன் பெட்டியைத் திறந்து மூடி, திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணன் எங்கம்மா?"

"அந்த வளைவுக்கு அங்கிட்டு உக்காந்திருக்காரு."

"அங்க உக்காந்து என்ன செய்யுதாவ?"

"மனசை அடக்குதாராம்."

வடிவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. விருட்டென்று எழுந்தாள். வளைவைப் பார்த்துக் கத்தினாள்.

"அண்ணே! ஒன்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வந்தேன்னு நெனச்சியா? நீ வந்தா ஒனக்கு யாரு ஆக்கிப் போடுதது? கொழம்புல உப்பு கூடிப்போச்சு, புளி கொறஞ்சு போச்சுன்னு நொட்டை சொல்லுவ. நீ இங்கயே கெட! சாமியாராவே இரு! மடி மட்டும் போதும் எனக்கு. காது குத்துத நேரம், அவ்வளவுதான். அதைக்கூடக் குடுக்க முடியாதா ஒனக்கு?"

கடைசி வார்த்தையைப் பாறை திருப்பிச் சொன்னது. வளைவைத் திரும்பி யாரும் வரவில்லை.

வடிவு உட்கார்ந்தாள். குரல் இறங்கிவிட்டது.

"இன்னைக்கும் நடக்கலன்னா எங்க மாமியா அவ சொந்தத்துல யாரையோ மாமன்னு சொல்லி உக்கார வச்சிருவா. எங்கம்மை அப்பன் ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்டாவ. பொறந்த வீடுன்னு காட்டறதுக்கு எனக்கு இந்த ஒரு மடிதானம்மா இருக்கு."

ஆசாரி பெட்டியை மூடினார். இந்தத் தடவை பூட்டவும் செய்தார்.

"செத்த பொறும்" என்று அவரிடம் சொல்லிவிட்டு அம்மை திரும்பி நடந்தார். ஓடையைக் கல்லில் கடக்கவில்லை. தண்ணீரைச் சளார் சளாரென்று மிதித்துக்கொண்டு, செருப்போடு கடந்தார்.

தாண்டவராயர் அதே இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தார். கண் மட்டும் திறந்திருந்தது.

"கேட்டுச்சா?"

"கேட்டது."

"பிறகும் ஏன் எழுந்திரிக்கல?"

அவர் சம்மணத்தை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"பயமாக இருக்கிறது, அம்மா" என்றார் கடைசியில். "அந்தப் பிள்ளை என் மடியில் உட்கார்ந்துவிட்டால், அதற்குப் பிறகு நான் எழுந்திருக்க மாட்டேன். இத்தனை வருஷத் தவமும் போய்விடும்."

அன்று காலையிலிருந்து அவர் பேசியதில் அம்மையின் காதில் உண்மையாக விழுந்தது அது ஒன்றுதான். ஆனாலும் கோபம் அடங்கவில்லை.

"போனாப் போகட்டும்! யாரு கேட்டா அதை? முள்ளுல படும்னு நான் சொன்னேனா? ஒத்தக்கால்ல நில்லும்னு நான் சொன்னேனா? எல்லாம் நீரா இழுத்துப் போட்டுக்கிட்டது. நான் உமக்கு இதுவரைக்கும் ஒரு தவமும் குடுத்ததில்ல. இப்ப ஒண்ணு குடுக்கேன். எழுந்து போய் அந்த மண்டபத்துல உக்காரும்."

"உட்காருவது மட்டுமா?"

"மட்டும்தான்."

தாண்டவராயர் எழுந்தார். தாண்டுகல்லில் ஒன்றைக்கூட நின்று பார்க்காமல் கடந்து போனார்.

வடிவு அண்ணனைப் பார்த்தாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தவள், "இப்படி எலும்பும் தோலுமா ஆயிட்டியே" என்று மட்டும் சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒரு துண்டை விரித்தாள். தாண்டவராயர் அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

பூரணம் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவுகதான் மாமாவா? ஏன் இவ்வளவு அழுக்கா இருக்காவ?"

"மாமா தவத்துல இருக்காவ. போய் உக்காரு" என்றாள் வடிவு.

பிள்ளை வந்து உட்கார்ந்தாள். நெளிந்தாள். "மடி குத்துது" என்றாள். தாண்டவராயர் காலை மாற்றிப் போட்டுப் பார்த்தார், எலும்பு இல்லாத இடமாக. அப்படி ஓர் இடம் அவரிடம் இல்லை.

ஆசாரி தங்கக் கம்பியை எடுத்துத் தீட்டினார். பூரணம் அதைப் பார்த்துவிட்டாள்.

"வலிக்குமா மாமா?"

வலி என்பது என்ன, அது யாருக்கு நேர்கிறது என்று விடிய விடியப் பேசக்கூடியவர் அவர். அம்மை தூணில் சாய்ந்துகொண்டு, என்ன சொல்லப் போகிறார் பார்ப்போம் என்று காத்திருந்தார்.

"வலிக்கும்" என்றார் தாண்டவராயர்.

"நெறையவா?"

"தெரியலயே கண்ணு."

பிள்ளை கையை நீட்டி அவர் காதைத் தொட்டாள். கடுக்கனைக் கழற்றி வருஷக்கணக்கான பின்பும் துளை தூர்ந்துபோகவில்லை.

"ஒங்களுக்கு யாரு குத்தினா?"

"எங்க மாமா மடியில வச்சுக் குத்தினாவ."

"அழுதீயளா?"

"அழுதேன்."

"ஒங்க மாமா?"

"மாமாவும் அழுதாவ."

பிள்ளைக்கு அது போதுமானதாக இருந்தது. தலையைச் சாய்த்துக் கொடுத்தாள்.

முதல் காதில் கம்பி இறங்கியது. பூரணம் போட்ட சத்தத்தில் இடுக்கு முழுவதும் அலறியது. இரண்டாம் காதுக்கு மூன்று பேராகப் பிடிக்க வேண்டியிருந்தது. பிள்ளை இரண்டு கைகளாலும் மாமனின் தாடியைப் பற்றித் தொங்கினாள். தாண்டவராயரின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. தாடி இழுபட்டதாலா என்று யாரும் கேட்கவில்லை. ஆசாரி கம்பியை வளைத்து முடித்தார். வடிவு காப்பரிசியை அள்ளிப் பிள்ளையின் வாயில் போட்டாள். அதை மெல்லாமல் வைத்துக்கொண்டு, விசும்பி விசும்பி, மாமனின் நெஞ்சில் கன்னத்தை வைத்தபடி பூரணம் தூங்கிப்போனாள். ஒரு கை தாடியை விடவில்லை.

வண்டிக்காரன் குரல் கொடுத்தான். ஆசாரி பெட்டியைத் தூக்கிக்கொண்டார். வடிவு தாம்பாளத்தைக் கட்டிவிட்டுப் பிள்ளையை எடுக்கக் குனிந்தாள்.

"இரு வடிவு" என்றார் தாண்டவராயர் கிசுகிசுப்பாக. "இப்பத்தான் கண்ணசந்திருக்கு."

இருந்தார்கள். வண்டிக்காரன் மறுபடியும் குரல் கொடுத்தான்.

"செத்த நேரம்" என்றார் தாண்டவராயர்.

ஆசாரிக்குப் பொறுமை போய்விட்டது. "இது என்ன கூத்து? சாமி வாரதுக்கும் காத்துக் கெடந்தோம், இப்ப எந்திரிக்கதுக்கும் காத்துக் கெடக்கணுமா?" என்று அம்மையிடம் முறையிட்டார்.

அம்மை தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு தூணிலிருந்து விலகி வந்து சீடரின் எதிரில் நின்றார்.

"ஓய், மடத்துக்குத் திரும்புதீரா, தங்கச்சியோட போறீரா? எதுன்னாலும் எனக்குச் சம்மதம். ஆனா எதுக்கும் முதல்ல எழுந்திரிக்கணும்."

தாண்டவராயர் நிமிர்ந்து பார்த்தார். ஒற்றைக்காலில் நாள்கணக்காக நின்ற மனிதர், இரண்டு கால்களும் மரத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"எப்படி அம்மா எழுந்திரிக்கது?"

"பிள்ளை முழிச்சுக்கிடாம" என்றார் அம்மை.

தாண்டவராயர் குனிந்து பிள்ளையைப் பார்த்தார். தாடியைப் பற்றியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக, மெல்ல விலக்கத் தொடங்கினார்.